முதல் பந்தி ஆறு மணிக்கு, இரண்டாம் பந்தி எட்டரைக்கு: சொகுசுக் கப்பல்களில் கலைந்துவரும் சாப்பாட்டுக் கூடம்

ராமநாதபுரம் கரையில் நின்று சொகுசுக் கப்பலைப் பார்க்க முடியாது. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுகளில் பல இடங்களில் மூன்று மீட்டர் ஆழம்கூடத் தேறாது. பெரிய பயணக் கப்பல் மிதக்கவே எட்டு மீட்டர் வேண்டும். மும்பையிலிருந்து சென்னைக்கு வருகிற கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும்.

இருந்தாலும் இந்தக் கரைப் பிள்ளைகள் அந்தக் கப்பல்களுக்குப் போகிறார்கள். பரமக்குடியிலோ மதுரையிலோ கேட்டரிங் படித்து, சி.டி.சி. என்கிற கடலோடிச் சான்றுப் புத்தகம் எடுத்து, எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற சர்வதேசக் கடலோடிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அசிஸ்டென்ட் வெயிட்டராக ஏறுவதுதான் பலருடைய திட்டம். வகுப்பில் நாப்கின் மடிப்பும், கரண்டியாலும் முட்கரண்டியாலும் எடுத்துத் தட்டில் வைக்கும் சில்வர் சர்வீஸும், ஐந்து கோர்ஸ் மேசை அமைப்பும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கப்பலில் போய்ப் பார்த்தால் அந்த மேசையில் பாதி இல்லை. விரிப்பு இல்லை, மெனு அட்டை இல்லை, நேற்று வந்த விருந்தாளி இன்று வரவில்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டு போனால் வேலையும் புரியும், சம்பளச் சீட்டும் புரியும்.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம், 'இந்தக் காலத்து ஆட்களுக்குக் கோட்டு சூட்டெல்லாம் பிடிப்பதில்லை' என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கப்பல் சாப்பாட்டுக் கூடத்தின் பழக்கங்கள் பலவும் ஒரே ஆணியில் தொங்கியவை. அந்த ஆணி, பந்தி. அதைப் பிடுங்கியதும் மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன.

பந்திக் கணக்கு

நம் கல்யாண மண்டபத்தில் நடப்பதேதான். ஆயிரம் பேர் வருகிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் நானூறு இலைதான் விழும் என்றால் பந்தி பிரிக்க வேண்டும். கப்பலிலும் சாப்பாட்டுக் கூடம் மொத்தப் பயணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே இடம் கொள்ளும். அதனால் ஆறு, ஆறரைக்கு முதல் பந்தி. எட்டேகால், எட்டரைக்கு இரண்டாம் பந்தி. டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பந்தி என்று எழுதிவிடுவார்கள்.

மண்டபத்துப் பந்திக்கும் கப்பல் பந்திக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே 'பந்திக்கு முந்து' என்று ஓடி இடம் பிடிக்கலாம். அங்கே மேசை எண், நாற்காலி, பக்கத்தில் உட்காருபவர், பரிமாறுபவர் நால்வகையும் முதல் இரவே முடிவாகிவிடும். பயணம் முடிகிறவரை மாறாது. எட்டுப் பேர் மேசையில் முன்பின் தெரியாத நான்கு தம்பதிகள் ஏழு இரவு சேர்ந்து சாப்பிடுவார்கள். கீழக்கரைக் கல்யாணத்தில் ஒரு சஹனை, அதாவது பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தவர்கள், அந்த ஒரு வேளைக்காவது ஒருவரை ஒருவர் 'இன்னும் கொஞ்சம் வையுங்கள்' என்று கவனிக்காமல் எழ முடியாது. கப்பல் மேசையும் அப்படியொரு கட்டாய நட்பை உண்டாக்கியது.

பரிமாறுபவருக்கு இது பெரிய வசதி. ஒரு வெயிட்டரும் ஒரு அசிஸ்டென்ட் வெயிட்டரும் சேர்ந்தது ஒரு 'ஸ்டேஷன்'. பந்திக்கு ஏறத்தாழ இருபது பேர். நாற்காலிகளுக்கு எண் உண்டு: ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒன்று என்று வைத்து, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுவார்கள். மூன்றாம் நாற்காலிக்குச் சர்க்கரை இல்லாத காபி, ஐந்தாம் நாற்காலிக்கு இறால் ஒத்துக்காது, ஏழாம் நாற்காலி ஐயா சூப்பை வேகவேகமாக முடித்துவிட்டுக் காத்திருப்பார். இரண்டாம் இரவுக்குள் இவ்வளவும் மனப்பாடம். மூன்றாம் இரவில் கேட்காமலே காபி வரும். பயணிகள் ஊருக்குப் போய்ச் சொன்ன கதைகளில் பாதி இந்தக் காபியைப் பற்றியதுதான்.

சைவம் சாப்பிடும் நம்மவர்களுக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. ஹெட் வெயிட்டர் இன்று இரவே நாளைய மெனுவைக் கொண்டுவந்து காட்டி, 'நாளைக்குப் பருப்பும் சப்பாத்தியும் செய்யச் சொல்லவா?' என்று கேட்டு எழுதிக்கொள்வார். பெரும்பாலான பெரிய கப்பல்களில் இந்தியச் சமையற்காரர் யாராவது இருப்பார். ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். இன்றும் இது நடக்கிறது. ஆனால் தினமும் வேறு வேறு உணவிடத்தில் போய் உட்காருபவருக்குக் கிடைக்காது. அந்தச் சீட்டு ஒரு மேசையோடும் ஒரு ஹெட் வெயிட்டரோடும் ஒட்டியது. சைவமோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் கப்பல் ஏறினால், 'எனக்கு நிலையான மேசை வேண்டும்' என்று முதல் நாளே கேட்டு வாங்குவது நல்லது.

இரு பந்திக்கும் நடுவே உள்ள நேரம்தான் ஸ்டேஷனுக்குச் சோதனை. முதல் பந்தி ஏழே முக்காலுக்கு எழுந்தால் எட்டரைக்குக் கதவு திறக்க வேண்டும். ஒரு ஆளுக்கு முட்கரண்டி, கத்தி, சூப்புக் கரண்டி, வெண்ணெய்க் கத்தி, இனிப்புக் கரண்டி என்று எட்டு உருப்படி வைத்தால் இருபது பேருக்கு 160. ஒவ்வொன்றையும் வினிகர் கலந்த சுடுநீரில் நனைத்துத் துடைக்காவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் நீர்ப்புள்ளி பளிச்சென்று தெரியும். விரிப்பை மாற்ற வேண்டும், நாப்கின் மடிக்க வேண்டும், கண்ணாடிக் கோப்பையைத் தண்டைப் பிடித்தே வைக்க வேண்டும். விளிம்பைத் தொட்டால் விரல் ரேகை. முதல் பந்தியில் ஒரு மேசை பேச்சு சுவாரசியத்தில் எழாமல் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பதினைந்து நிமிடத் தாமதம் இரவு பதினொரு மணி வரை துரத்தும். நம் மண்டபத்தில் இதைச் சமாளிக்க, சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுவிடுவார். கப்பலில் அதற்கு வழியில்லை; விளக்கைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, கையில் புது விரிப்போடு சிரித்த முகத்துடன் காத்திருக்க வேண்டியதுதான்.

2000-இல் நடந்தது

நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் பந்தியை எடுத்துவிட்டது. எப்போது பசிக்கிறதோ அப்போது வா, யாரோடு வேண்டுமோ உட்கார், உடையும் உன் விருப்பம். அடுத்த பத்தாண்டில் மற்றப் பெரிய நிறுவனங்களும் பந்தியை வைத்துக்கொண்டே 'உங்கள் நேரம்' என்கிற ஏற்பாட்டையும் கொண்டுவந்தன.

இதற்குப் பின்னால் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, கப்பல் பெருத்தது. 1988-இல் வந்த சாவரின் ஆஃப் தி சீஸ் 2,200-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றியபோது உலகமே வியந்தது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ், அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பேர், நிறைந்தால் 7,600 பேர். இத்தனை பேரை இரண்டே பந்தியில் உட்காரவைக்க எவ்வளவு பெரிய கூடம் வேண்டும்! இருபதுக்கும் மேற்பட்ட உணவிடங்களில் கூட்டத்தைப் பிரித்துவிடுவது எளிது. இரண்டு, தனிக்கட்டணம். ஒருவர் ஆறு மணிக்குக் குறித்த மேசைக்குப் போய்விட்டால், காசு கொடுத்துச் சாப்பிடும் ஸ்டேக் கடைக்கோ சுஷிக் கடைக்கோ போகமாட்டார். பந்தியைத் தளர்த்தினால்தான் அந்தக் கடைகளில் வியாபாரம் நடக்கும். டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, கப்பலுக்குள் செலவழிக்க வைப்பதுதான் இன்றைய தொழில். சாப்பாட்டுக் கூடம் அதில் வருமானம் தராத பகுதி.

பந்தி தளர்ந்ததும் முதலில் போனது உறை. கடைசி இரவில் பயணிகள் தனித்தனி உறைகளில் டிப்ஸ் போட்டு, வெயிட்டர் கையைப் பிடித்துக் கொடுப்பார்கள். 2000 வாக்கில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு வெயிட்டருக்கு மூன்றரை டாலர், அசிஸ்டென்ட்டுக்கு இரண்டு டாலர் என்பது வழக்கமான அளவு. இருபது பேர், ஏழு நாள் என்று பெருக்கினால் ஒரு பந்தியிலேயே வெயிட்டருக்கு 490 டாலர். இரண்டு பந்திக்கு அதன் இருமடங்கு. கம்பெனி கொடுத்த மாதச் சம்பளம் இதற்கு முன் சொற்பம். ஆனால் தினமும் வேறு மேசையில் உட்காரும் பயணி யாருக்கு உறை கொடுப்பார்? அதனால் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பயணியின் கணக்கிலேயே நாள்தோறும் ஏற்றிவிட்டார்கள். இன்று அது பல கப்பல்களில் ஆளுக்கு 16 முதல் 20 டாலர். அறை துடைப்பவர், பரிமாறுபவர் தொடங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் சமையற்கூடத்தில் நிற்பவர் வரை பலருக்கும் அதில் பங்கு போகிறது.

இதில் நல்லதும் உண்டு. உறைக் காலத்தில், காசு கொடுக்க மனமில்லாதவர்கள் கடைசி இரவு சாப்பாட்டுக்கே வராமல் பஃபேயில் ஒதுங்கிவிடுவார்கள். ஏழு நாள் உழைப்பு வீண். இப்போது அந்தப் பயம் குறைவு. ஆனால் நன்றாகப் பரிமாறுபவருக்கும் ஏனோதானோவென்று பரிமாறுபவருக்கும் வருமானத்தில் இருந்த வேறுபாடும் குறைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 'டிப்ஸ் தனியாகவா, பொதுவில் பங்கா, குறைந்தபட்ச உத்தரவாதம் எவ்வளவு?' என்று கேட்பது அவசியம். இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: வேலை வாங்கித்தருவதற்கென்று கடலோடியிடம் காசு வாங்குவது, இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தவறு. மருத்துவச் சோதனை, பாஸ்போர்ட், சி.டி.சி. செலவுதான் நம்முடையது. கடலோடிகளை வேலைக்குச் சேர்க்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இல்லாத ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு நகையை மீட்க முடியாமல் நிற்கும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல.

தீ இல்லாத பேக்ட் அலாஸ்கா

பழைய கப்பல் விருந்தின் உச்சம் கடைசி இரவுக்கு முந்தின இரவு. விளக்குகள் அணையும், பாட்டு முழங்கும், வெயிட்டர்கள் வரிசையாகத் தலைக்கு மேல் எரியும் பேக்ட் அலாஸ்காவைத் தூக்கி வருவார்கள். எல்லோரும் நாப்கினைச் சுழற்றுவார்கள். ஐஸ்கிரீமை அடுப்பில் வைத்து எடுத்தும் உருகாத பண்டம் என்பதுதான் அதன் அதிசயம்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் அதிசயம் விளங்கிவிடும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு கேக். அதன்மேல் கிண்ணத்தில் அழுத்தி, கழித்தல் 18 டிகிரியில் ஒரு இரவு முழுக்க உறையவைத்த ஐஸ்கிரீம். மேலே முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த நுரை. ஒரு வெள்ளைக்கருவுக்கு 50 முதல் 60 கிராம் சர்க்கரை. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம். இந்த நுரையைச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பூசி, 230 டிகிரி ஓவனில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் மேல்புறம் பொன்னிறமாகும். நுரைக்குள் சிக்கியிருக்கும் காற்று சூட்டை உள்ளே விடாது. கீழே கேக்கும் அதே வேலையைச் செய்கிறது. வைக்கோலில் பொதிந்த ஐஸ் கட்டி உருகாததுபோல.

கெடுவது மூன்று இடத்தில். நுரை கேக்கின் விளிம்போடு ஒட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் அந்த வழியாகச் சூடு புகுந்து ஐஸ்கிரீம் வழியும். பாத்திரத்தில் துளி எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. சர்க்கரை முழுக்கக் கரையாவிட்டால் வெந்தபின் மேற்புறம் பாகுத் துளிகளாக அழும். நம் கரையோர ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பதால் வீட்டில் முயல்பவர்கள் ஓவனிலிருந்து எடுத்ததும் பரிமாறிவிட வேண்டும். கப்பலில் பச்சை முட்டைக்குப் பதில் பாஸ்டுரைஸ் செய்த வெள்ளைக்கருவையே பயன்படுத்துவார்கள். அது மெதுவாகத்தான் நுரைக்கும். சில துளி எலுமிச்சைச் சாறு உதவும்.

எரிவது எப்படி? முட்டை ஓட்டுப் பாதியை நுரையின் உச்சியில் பதித்து, சூடுபடுத்திய ரம்மை ஊற்றிப் பற்றவைப்பது. ஊர்வலத்தில் வந்த கேக்கைப் பெரும்பாலும் யாரும் சாப்பிடுவதில்லை. மேசைக்கு வந்த துண்டுகள் முன்னரே சமையற்கூடத்தில் வெட்டித் தட்டில் வைத்தவை.

கடலில் கப்பல்காரர் எல்லாவற்றையும்விட அஞ்சுவது தீக்கு. இறங்கி ஓட இடம் கிடையாது. சமையற்கூடத்திலேயே கேஸ் அடுப்பு இல்லை, எல்லாம் மின்சாரம். அப்படியிருக்கும்போது ஆயிரம் பேர் கூடிய இருட்டுக் கூடத்தில், ஆடும் தளத்தில், தலைக்கு மேல் சாராயத் தீயோடு வெயிட்டர்கள் ஆடிக்கொண்டு வருவதை எத்தனை நாள் அனுமதிக்க முடியும்? தீ போய் பாட்டரி விளக்கு வந்தது. ஊர்வலத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இனிப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பந்தி போனபின் ஒரு மேசை சூப்பிலும் அடுத்த மேசை காபியிலும் இருக்கிறது. யாருக்காக ஊர்வலம்? சில கப்பல்களில் இன்னும் விடாமல் நடத்துகிறார்கள்; பல கப்பல்களில் பண்டம் மட்டும் மெனுவில் மிஞ்சியிருக்கிறது.

நள்ளிரவு பஃபே வேறு காரணத்தால் போனது. பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம், வெண்ணெய்ச் சிலை, தர்பூசணிப் பூக்கள். முதல் அரை மணி நேரம் படமெடுக்க மட்டும், அதன்பின் சாப்பாடு. இரவுச் சாப்பாடு முடித்து மூன்று மணி நேரம்கூட ஆகாதவர்களுக்கு இவ்வளவு உணவு! பெரும்பகுதி குப்பைக்கே போனது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1975 முதல் சோதிக்கிறது; நூறுக்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சூடான உணவு 57-க்குக் குறையக்கூடாது; அந்தச் சூடும் குளிரும் இல்லாமல் நேரக் கணக்கில் வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்தில் கொட்ட வேண்டும். அலங்காரத்துக்காக மணிக்கணக்கில் வெளியே நிற்கும் மீனும் இறாலும் இந்த விதியோடு ஒத்துப்போகாது. கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ். ஒருவர் தொட்ட கரண்டியை ஐந்நூறு பேர் தொடும் இடத்தில் அது காட்டுத்தீ. 24 மணி நேரமும் பீட்சா கிடைக்கும் கப்பலில் நள்ளிரவு விருந்துக்கு அவசியமும் இல்லாமல் போனது.

சில சின்னப் பழக்கங்கள் மறைந்ததே தெரியாமல் மறைந்தன. அட்லாண்டிக்கில் கடல் கொந்தளித்தால் மேசைவிரிப்பில் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள்; ஈரத்துணியில் தட்டு வழுக்காது. மேசை விளிம்பில் எழுப்பும் சட்டமும் உண்டு. கப்பலின் பக்கவாட்டுத் துடுப்புகள் ஆட்டத்தை அடக்கியபின் இரண்டுக்கும் வேலையில்லை. கையில் மணியோசை எழுப்பும் சிறு கருவியைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் 'சாப்பாடு தயார்' என்று போகும் ஆளை ஒலிபெருக்கி தின்றுவிட்டது. மெனு அட்டையைப் பயணிகள் நினைவுக்காக வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். 2020-க்குப் பின் பல இடங்களில் மேசையில் ஒட்டிய க்யூ.ஆர். சதுரம்தான். விரிப்பும் போய்க்கொண்டிருக்கிறது: ஆயிரக்கணக்கான விரிப்புகளைத் தினமும் துவைக்க நன்னீர் வேண்டும், அதைப் பெரும்பாலும் கடல்நீரிலிருந்து கப்பலே பிரித்தெடுக்க வேண்டும்.

உடை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு இரவில் இரண்டு இரவு கறுப்புக் கோட்டு என்பது வழக்கமாக இருந்தது. செலிபிரிட்டி குரூஸஸ் நிறுவனம் 2015-இல் அதை 'ஈவினிங் சிக்' என்று மாற்றித் தளர்த்தியது. மற்றவையும் ஏதாவது ஒரு பெயரில் தளர்த்தின. விமானத்தில் பெட்டிக்கு எடைக் கட்டணம் வந்தபின் யார் கோட்டைத் தூக்கிவருவார்? அந்த இரவோடு சேர்ந்த சிங்கி இறால் மட்டும் பிழைத்திருக்கிறது, அளவு சுருங்கி: ஒரு வால் இலவசம், இரண்டாவதற்குக் காசு என்று சில கப்பல்களில்.

எல்லாம் ஒரே திசையில் போய்விடவில்லை. ராயல் கரீபியன் நிறுவனம் 2014-இல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் பெரிய சாப்பாட்டுக் கூடத்தையே பல சிறு உணவகங்களாக உடைத்துப் பார்த்தது. ஒவ்வொரு இரவுக்கும் முன்பதிவு, வாசலில் வரிசை, குழந்தைகளோடு வந்தவர்களுக்கு அலைச்சல். சில ஆண்டுகளில் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியது. டிஸ்னி 1998-இல் முதல் கப்பலிலேயே ஒரு வழி கண்டுபிடித்தது: பயணிகள் தினமும் வேறு உணவகத்துக்குப் போவார்கள், ஆனால் அவர்களுடைய வெயிட்டரும் அசிஸ்டென்ட்டும் கூடவே இடம் மாறுவார்கள். இடம் புதிது, முகம் பழையது. இலையை விட்டுவிட்டுப் பரிமாறுபவரைக் காப்பாற்றிய இந்த ஏற்பாட்டை, இத்தனை மாற்றங்களிலும் புத்திசாலித்தனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. குனார்டு நிறுவனத்தின் குயீன் மேரி 2 கப்பலில் பிரிட்டானியா கூடத்தில் இன்றும் இரு பந்தி, நிலையான மேசை, கோட்டு அணியும் இரவுகள்.

ஆகவே வகுப்பில் படித்த எல்லாமும் வீணில்லை. எது எங்கே செல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். குனார்டு போன்ற இடத்துக்கு விண்ணப்பித்தால் நேர்முகத்தில் ஒரே கையில் கரண்டியையும் முட்கரண்டியையும் பிடித்து உருளைக்கிழங்கை நசுங்காமல் எடுத்து இடப்பக்கமிருந்து வைக்கச் சொல்லலாம். தளர்ந்த முறைக் கப்பலில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே கேட்பது வேறு: பத்துப் பன்னிரண்டு மூடிய தட்டுகள் அடுக்கிய தாம்பாளத்தைத் தோளில் ஏந்தி நெரிசலில் வளைந்து வர முடியுமா, கைக்கணினியில் ஒவ்வாமைக் குறிப்பைத் தவறாமல் ஏற்றுவாயா, முதன்முறை பார்க்கும் ஆளிடம் அரை நிமிடத்தில் 'இறால் ஒத்துக்குமா?' என்று கேட்டுவிடுவாயா என்பது. பழைய கப்பலில் அந்தக் கேள்வியைப் பயணத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். இப்போது ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு நாற்காலியிலும், முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.